வயிறு நிரம்பிய எலிகள்

கலரிமீற்றரின் முள் எங்கே போய் நின்றதென்று குணலட்சுமிக்கு நம்ப முடியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தாள். அங்கேதான் நின்றது. கார் பற்றரியில் ஓடுகிற, கரைசலின் நிறத்தை அளக்கிற கருவி அது, பற்றரி இறங்கினால் பொய் சொல்லும். வயரைப் பிடுங்கி மறுபடி செருகி, வெறுந் தண்ணீரை வைத்துப் பார்த்தாள். முள் ஒழுங்காகப் பூச்சியத்துக்கு வந்தது. ரியூப்பைத் திரும்ப வைத்து, எண்ணை எழுதி, கழித்தாள். நாற்பத்தொன்று. பட்டினி போட்ட எலியின் ஈரலுக்கு வரவேண்டிய எண் அது. இதுவோ இருபத்தைந்து நாளாக வயிறு புடைக்கத் தின்ற எலியின் ஈரல்.

"முருகா, உனக்கு நான் என்ன குறை வைச்சனான்?" என்று வாய்விட்டே கேட்டாள். கேட்க ஒருவருமில்லை. யாழ்ப்பாணம் முழுக்க நல்லூரில் நின்றது. அன்றைக்குப் பூங்காவனத் திருவிழா.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணி. மின்சாரம் போய் இரண்டு வருசமாகிவிட்டது. கம்பஸில் மற்றவர்கள் சோதனைகளை மூடிக் கட்டிவைத்துவிட்டுத் தாளில் வேலை செய்யப் பழகியிருந்தார்கள். இவள் மட்டும் விடவில்லை. பெரிய அலுமினியச் சட்டியில் தண்ணீர், கீழே சிரட்டைத் தணல், தண்ணீருக்குள் வரிசையாய் ரியூப்கள். வெப்பமானி முப்பத்தேழைத் தாண்டினால் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர் விடவேண்டும், இறங்கினால் ஒரு கிண்ணம் சுடுதண்ணீர். இரண்டு மணித்தியாலம் சட்டியை விட்டு நகர முடியாது. சும்மா சொல்லக்கூடாது, பிடிவாதக்காரிதான்.

இந்த வேலையைப் புத்தூரில் தகப்பன் கதிரவேலுவுக்கு ஒருமுறை விளங்கப்படுத்தப் பார்த்திருக்கிறாள். உடம்பின் ஒவ்வொரு கலமும் புதுப் புரதத்தைக் கட்டும், பழைய புரதத்தை இடிக்கும். பட்டினி கிடந்தால் இடிப்பது கூடிவிடும். தன்னையே இடித்துத் தின்றுதான் கலம் சீவிக்கும். எவ்வளவு தின்கிறது என்று அறிய இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று கட்டுவதை நிறுத்தும். மற்றது, லியூபெப்ரின் என்பது, இடிப்பதை நிறுத்தும். லியூபெப்ரின் போட்ட ரியூப்பின் எண்ணை, போடாத ரியூப்பின் எண்ணிலிருந்து கழித்தால் கலம் தன்னை எவ்வளவு தின்றது என்பது கையில் வந்துவிடும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதிரவேலு, "உதைப் படிக்கவோ பிள்ளை இவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கிறாய்?" என்றார். அத்தோடு அவள் வீட்டில் விளங்கப்படுத்துவதை விட்டுவிட்டாள்.

லியூபெப்ரின் சின்னி விரலளவு குப்பியில் வந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு பாதிரியார் தன் அங்கிப் பைக்குள் வைத்து, கடலேரியைத் தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தார். பொடியாக இருக்கும்வரை பயமில்லை. கரைத்தால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும், வைத்திருக்கக் குளிர்சாதனப்பெட்டி எங்கே? அவளுடைய ஆய்வை மேற்பார்வை செய்கிற பேராசிரியர் ஜெபரட்ணம் முன்யோசனைக்காரர். "பாதியைக் கரையும். பாதி பொடியாவே கிடக்கட்டும்," என்றிருந்தார்.

இந்தச் சோதனை அவளுக்கு ஏன் உயிர்போகிற காரியம் என்றால், நோர்வேயில் ஒரு பேராசிரியர் தன்னுடைய ஆய்வுகூடத்தில் ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். வயிறு நிரம்பிய எலிக்கும் பட்டினி எலிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு படமாகக் கீறி ஒக்டோபர் பதினைந்துக்குள் அனுப்பு, அனுப்பினால் இடம் உனக்கு, இல்லையென்றால் வேறொருவருக்கு. கடிதம் அவ்வளவுதான். ஆனால் அந்த இடம் கிடைத்த கடிதத்தைக் காட்டினால்தான் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட இயக்கத்திடம் பாஸ் கேட்கலாம். அவளுக்கு முப்பத்தொரு வயது. வீட்டுக்கு மேலால் பொம்பர் போகும்போதெல்லாம் பதுங்குகுழிக்குள் தாயின் முழங்காலோடு முழங்கால் இடிபட இருந்து, அந்த ஈர மண் மணத்தை மூக்கில் ஏற்றி ஏற்றி அலுத்துப்போனாள். போகவேண்டும். எப்படியாவது போகவேண்டும். அதற்காகத்தான் நேர்த்தி வைத்தாள்.

பிழை நடந்ததும் அந்த நேர்த்தியில்தான். நல்லூர்க் கொடியேறிய நாளிலிருந்து பூங்காவனம் வரைக்கும் ஒருநேரச் சாப்பாடு, பின்னேரம் பாலும் பழமும், உயிர்க்கொலை நடக்கிற இடத்தில் கால் வைப்பதில்லை. எலிக்கொட்டில் கம்பஸ் வளவின் பின்மூலையில் இருந்தது. இருபத்தைந்து நாளும் அவள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. எலிகளுக்குத் தீன் வைப்பது, காலையில் நிறுப்பது, எழுதுவது, கடைசி நாளில் கழுத்தை முறித்து ஈரலை எடுத்துக் குளிர்ந்த உப்புத் தண்ணீரில் போட்டுக் கொண்டுவந்து தருவது எல்லாம் தம்பிராசாவின் பொறுப்பு. கொழும்புத்துறை ஆள், இருபது வருசமாக எலியோடு சீவிக்கிறவர். அவர் கை பட்டால் எலி அடங்கிப்போய்க் கிடக்கும். அவரை நம்பாமல் வேறு ஆரை நம்புவது?

மற்ற ஏழு ஈரலின் எண்களையும் எடுத்தாள். நாற்பது, நாற்பத்திரண்டு, முப்பத்தெட்டு. பட்டினி போட்டதும் போடாததும் ஒரே மாதிரி. முதலில் மருந்து பழுதென்று நினைத்தாள். மருந்து பழுதென்றால் போட்ட ரியூப்பும் போடாத ரியூப்பும் ஒன்றாக அல்லவா இருக்கும்? மருந்து கச்சிதமாக வேலை செய்திருந்தது. அப்போதுதான் காலையில் ஈரல்களைக் கையில் வாங்கியபோது அவை எல்லாமே சின்னதாய், இருண்டு கிடந்தது ஞாபகம் வந்தது. விரதக் களைப்பில் கவனிக்காமல் விட்டுவிட்டாள். பூங்காவனமாவது மண்ணாங்கட்டியாவது என்று செருப்பைக் கொழுவிக்கொண்டு எலிக்கொட்டிலுக்கு நடந்தாள்.

தம்பிராசா வாசலில் குந்தியிருந்து தண்ணீர்ப் போத்தல்கள் கழுவிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, "ஈரல் எப்பிடிப் பிள்ளை? ஒரு கீறல் விழேல்லைப் பாத்தியளோ?" என்றார்.

அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். வயிறு நிரம்பிய எலிகள் என்று துண்டு ஒட்டிய கூட்டில் மிச்சமாய் இரண்டு எலி நின்றன. முதுகெலும்பை எண்ணலாம். ஒன்றின் வாலை மற்றது கடித்திருந்தது. தீன் ரின்னைத் திறந்தாள். வழித்துத் துடைத்தமாதிரி வெறுமையாக இருந்தது. நிறைப் புத்தகத்தைப் புரட்டினாள். நூற்றெண்பது, நூற்றெண்பத்து நாலு, நூற்றெண்பத்தெட்டு என்று நாளுக்கு நாலு கிராம் பிசகாமல் ஏறியிருந்தது. எலி எப்படி வளரும் என்று தெரிந்த மனிதர், பொய்யையும் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்.

"தம்பிராசண்ணை, இதுகளுக்கு என்ன குடுத்தனீங்கள்?"

"தீன்தான் பிள்ளை."

"என்ன தீன்?"

அவர் போத்தலைக் கீழே வைத்தார். "தவிடு. வாழைப்பழத் தோல். அம்மாளாணை, பட்டினி போடேல்லைப் பிள்ளை."

"சோயாமா எங்கை? பால்மா எங்கை? நெத்தலித் தூள் எங்கை?"

அவர் கைகளைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை காய்ந்த பிறகும் துடைத்தார். "ரொட்டி சுட்டனாங்கள். கடைசிப் பிள்ளைக்குப் பாலைக் கரைச்சுக் குடுத்தது. என்ரை மனிசி தங்கமுத்துவுக்குப் பால் வத்திப்போச்சு. கடலுக்கும் ஒருத்தரையும் விடுறாங்கள் இல்லை, கொழும்புத்துறையிலை மீன் எண்ட பேச்சே இல்லைப் பிள்ளை."

"எப்ப தொடக்கம்?"

"கொடியேறி மூண்டாம் நாள் தொடக்கம்."

"நாளுக்கு எவ்வளவு?"

"ஒரு சுண்டு, பால்பேணி அளவு. சிலநேரம் ஒண்டரை."

இப்படியான நேரத்தில் ஒரு மனிதப் பிறவி என்ன கேட்கும்? எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று கேட்கும். குணலட்சுமி கேட்டது, ஒரு சுண்டுக்கு எத்தனை கிராம் என்பது. அவர் தெரியாது என்றார். அவள் குரல் எழும்பவில்லை, ஒவ்வொரு சொல்லாய்க் கடித்து வந்தது. "உங்கடை பிள்ளையள் திண்டது எலித்தீன் இல்லை. என்ரை ரெண்டு வருசத்தை. விளங்குதோ? என்ரை ரெண்டு வருசத்தைத் திண்டிட்டுதுகள்."

"விளங்குது மிஸ்," என்றார் தம்பிராசா. ஆறு வருசமாகப் பிள்ளை என்றே கூப்பிட்டவர். அன்றிலிருந்து மிஸ்தான்.

மறுநாள் காலை ஜெபரட்ணம் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து, எண்களைப் பார்த்து, நடந்ததைக் கேட்டார். வெள்ளைச் சேட்டில் ஒரு சுருக்கம் இல்லாத மனிதர். ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் வேதம் வாசிக்கிறவர். கோபப்படவில்லை. அவளுக்குத்தான் தம்பிராசாவை அன்றைக்கே வேலையால் நிற்பாட்ட வேண்டும் என்றிருந்தது.

"நிப்பாட்டிப்போட்டு ஆர் எலி தூக்கிறது? நீரோ?" என்றார் ஜெபரட்ணம். "உமக்கு இன்னும் பாதிக் குப்பி கிடக்கு. என்ரை அலுமாரிக்குள்ளை கடைசி ரெண்டு ரின் பால்மா கிடக்கு. இருவது நாள் தீன் போடும். பிறகு அறுத்துப் பாரும். ஆள் நிண்டிட்டுப் போகட்டும், ஆனால் தீன் உம்மடை கையாலை."

"சரி சேர்."

"இன்னொண்டு. வயிறு நிரம்பின எலி எண்டு நாங்கள் என்னெண்டு சொல்லுறது? காலமை கோப்பையிலை மிச்சம் கிடக்கோணும். மிச்சம் இல்லாட்டி அதுக்கு வயிறு நிரம்பேல்லை. அது தின்னேலாத அளவுக்குப் போடும். மிச்சத்தை நிறுத்து எழுதிப்போட்டுக் கொட்டிவிடும். ஈரத் தீன், பழுதாப்போம்."

அப்படியே செய்தாள். ஒவ்வொரு நாளும் காலையில் ஆய்வுகூடத்தில் தானே சோயாமாவையும் பால்மாவையும் நெத்தலித் தூளையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருண்டையாக்கி, நிறுத்து, புதிதாய்க் கூட்டில் விட்ட எட்டு எலிக்கும் இருநூறு கிராம் கொண்டுபோய்த் தன் கையால் வைத்தாள். மறுநாள் காலை மிச்சம் நாற்பது கிராம் இருந்தது. தம்பிராசா கோப்பைகளை வழித்து ஒரு கிண்ணத்தில் சேர்த்துத் தராசில் வைத்தார். அவள் எழுதினாள். அவர் கிண்ணத்தோடு பின்பக்கக் கிடங்குக்குப் போகாமல் நின்றார்.

"மிஸ், உது கொட்டுறதுதானே?"

எலி வாய் வைத்த எச்சில். ஆனாலும், "கொண்டுபோங்கோ," என்றாள். சொன்னபிறகு அவளுக்கே தன்னைப்பற்றி நல்லதாய் இருந்தது. அன்று பின்னேரம் புத்தூருக்குச் சைக்கிள் உழக்கும்போது எதிர்காற்றுக்கூடத் தெரியவில்லை. இரண்டாம் நாள் முப்பத்தெட்டுக் கிராம், மூன்றாம் நாள் நாற்பத்திரண்டு. தம்பிராசா வாழையிலையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு போனார்.

நாலாம் நாள் தொண்ணூறு கிராம்.

குணலட்சுமி தராசைத் தட்டிப் பார்த்தாள். எலிகளைத் தூக்கி நிறுக்கச் சொன்னாள். முந்தின நாளைவிட ஒவ்வொன்றும் இறங்கியிருந்தது. பூட்டி வைக்கிற தீனை ஒருவரும் தொடமுடியாது, உண்மைதான். ஆனால் அவள் வீட்டுக்குப் போனபிறகு, பொழுதுபடுகிற நேரம், வைத்த கோப்பையைக் கூட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்து வைக்கலாம் அல்லவா? எலி தின்னாவிட்டால் மிச்சம் கூடும். அவள் தம்பிராசாவைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை அவள் வரும்போது கையில் பினாயில் போத்தல் இருந்தது. கழிவறை கழுவக் கம்பஸில் மிஞ்சியிருந்த கடைசிப் போத்தல்களில் ஒன்று. மிச்சம் நிறுத்து எழுதியதும் மூடியைத் திறந்தாள்.

"கிண்ணத்தைப் பிடியுங்கோ."

தம்பிராசாவுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. "மிஸ், நான் கிடங்கிலை கொட்டுறன். நீங்கள் பக்கத்திலை நிண்டு கண்ணாலை பாருங்கோ."

"மண்ணிலை கொட்டினதை அள்ளேலாதோ?"

"இனிக் கோப்பையிலை கை வைக்கமாட்டன் மிஸ். என்ரை கடைசியாணை."

"பிடியுங்கோ அண்ணை."

பிடித்தார். அவள் ஊற்றினாள். பினாயில் ஈரத் தீனில் பட்டதும் வெள்ளையாய்ப் படர்ந்தது. மிச்சத்தால் இவருக்கு இலாபம் என்று ஒன்று இருக்கும்வரை எலிக்கு வயிறு நிரம்பாது, அதை இல்லாமல் செய்வதுதான் வழி. யோசித்துப் பார்த்தால் சரியான வழிதான், பிழை சொல்ல முடியாது. இன்னொரு வழியும் இருந்தது. புத்தூரில் கதிரவேலுவின் கொட்டிலில் இரண்டு மூட்டை குரக்கன் தானியமும் கூரை முட்ட வெங்காயமும் கிடந்தன. ஒரு பை குரக்கனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தால் தம்பிராசா ஏன் கோப்பையைத் தொடப்போகிறார்? அது அவளுக்குத் தோன்றவில்லை என்று நான் சொன்னால் பச்சைப் பொய். தோன்றியது. இரண்டு தரம் தோன்றியது. களவெடுத்தவனுக்குக் கொண்டுவந்தும் கொடுப்பதோ என்று எரிச்சல் வந்தது, விட்டுவிட்டாள். சோதனை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாளே மிச்சம் நாற்பதுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு ஏறவேயில்லை. எலிகள் கொழுத்தன. மயிர் மினுங்கியது, கண் பளபளத்தது, கையில் எடுத்தால் பாரம் தெரிந்தது. நிறைப் புத்தகத்தில் எண்கள் ஏறி ஏறிப் போவதைப் பார்க்க அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. நோர்வேயில் பனி எப்போது கொட்டும் என்று ஜெபரட்ணத்திடம் கேட்டாள். அவர் தன்னுடைய பழைய கம்பளிச் சட்டை ஒன்றைத் தருவதாகச் சொன்னார். தம்பிராசா ஒவ்வொரு காலையும் கோப்பைகளை வழித்து, நிறுத்து, கிண்ணத்தை நீட்டினார். அவள் ஊற்றினாள். அவர் பின்பக்கம் கொண்டுபோனார். பேச்சு வார்த்தை அதற்குமேல் இல்லை.

பதின்மூன்றாம் நாள் அவள் வழமையைவிட முன்னதாக வந்துவிட்டாள். வீதிக்கு மேலால் ஹெலிகொப்ரர் சுற்றுகிறதென்று ஊரில் சொன்னதால் விடியவே வெளிக்கிட்டிருந்தாள். தம்பிராசா இன்னும் வரவில்லை. கொட்டிலின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கிடங்கு காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதற்குள் ஒருவரும் ஒன்றும் கொட்டி நாளாகிவிட்டது. கிணற்றடியில் கொடிக் கம்பியில் ஒரு மெல்லிய வெள்ளைச் சீலைத்துண்டு காயப்போட்டிருந்தது. மா வடிகட்டுகிற சீலை. கிட்டப் போனபோது பினாயில் மணத்தது.

சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது. தம்பிராசா வந்து, அவளைப் பார்த்தார், சீலையைப் பார்த்தார். ஒளிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. படித்தவர்களிடம் கேட்டு அறிய வேண்டிய ஒரு விசயத்தை இப்போதாவது கேட்போம் என்கிற மாதிரித்தான் கேட்டார்.

"எத்தனைதரம் கழுவினால் போகும் மிஸ்?"

"கழுவினால் போகாது," என்றாள்.

"நாங்கள் அஞ்சுதரம் கழுவுறனாங்கள். அஞ்சாந்தரம் வெள்ளைத் தண்ணி நிண்டிடும். மணந்தான் போகுதில்லை." அவர் சற்று யோசித்தார். "பெரிசு ரெண்டும் தின்னுதுகள், ஒண்டும் செய்யேல்லை. கடைசிதான் சத்தியெடுக்குது. முந்தநாள் தொடக்கம் வயித்தாலையும் போகுது." சொல்லிவிட்டு, அவள் எழுதிக்கொள்வாள் என்பதுபோலக் காத்துக்கொண்டு நின்றார்.

இன்னும் ஏழு நாள். ஏழே நாள். இன்றைக்கு ஊற்றாமல் விட்டால் பொழுதுபடக் கோப்பைகள் வெளியே வந்துவிடும், நாளைக்குத் தொண்ணூறு, நாளையின்றைக்கு நூறு. பொடி அரைக் குப்பிதான் இருக்கிறது. இன்னொரு குப்பி வராது, இன்னொரு கடிதமும் வராது. "பிள்ளையை ஆசுப்பத்திரியிலை காட்டுங்கோ," என்றாள். அவள் காதுக்கே அது யாரோ சொன்னமாதிரி இருந்தது.

"ஓம் மிஸ்," என்றார் தம்பிராசா.

உள்ளே போனார்கள். அவர் எட்டுக் கோப்பையையும் ஒவ்வொன்றாக வழித்துக் கிண்ணத்தில் சேர்த்தார். தராசில் வைத்தார். முள் ஆடி அடங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பத்தொன்பது கிராம். அவள் திகதி போட்டு எழுதினாள். எலிகள் தின்று களைத்து ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நித்திரை கொண்டன.

குணலட்சுமி போத்தலை எடுத்து மூடியைத் திருகினாள். அவள் சொல்வதற்கு முன்பே தம்பிராசா கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி அவளுக்கு வசதியாக நீட்டினார். அவள் ஊற்றத் தொடங்கினாள். அஞ்சுதரம் கழுவினாலும் போகாத அளவுக்கு வேண்டும் என்று, வழமையாய் நிறுத்துகிற இடத்தில் கை நிற்கவில்லை. வெள்ளை விளிம்புக்கு ஏறிக்கொண்டு வந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு துளி வெளியே சிந்தாமல், கிண்ணத்தை அசையாமல் பிடித்திருந்தார்.